நாற்பத்தொன்பதாம் நாள்

வழக்கமாக இம்மலரில் விரத மகிமை பற்றியோ, திருவிழாச் சிறப்புகள் பற்றியோ எழுதி வந்துள்ளேன். இவ்வாண்டு மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, கோயிலுக்குத் தொடர்பில்லாதது போல் தோன்றும் ஒரு விஷயத்தைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். அது குடி. குடியின் தீமையை எடுத்துரைக்கும் கட்டுரைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் நானே அத்தகைய கட்டுரைகளை எழுதிக் கொடுத்து மாணவர்களை மனனம் செய்ய வைத்திருக்கிறேன். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். சிகிச்சை பெற்று, குடியை நிறுத்தி, வீடு திரும்பிய ஒருவர் அதன் பிறகு எப்படி நிலைத்து நிற்பது, அதில் அக்கம்பக்கத்தார்க்கும் ஆலயத்திற்கும் உள்ள பங்கு என்ன என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர்மலைக்குப் பால்குடமோ காவடியோ எடுப்பதாக நேர்ந்துகொண்டு 48 நாள் விரதமிருப்பவர்களில் குடித்துப் பழகியவர்களும் உண்டு. அந்த 48 நாளும் அவர்கள் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. தரையில் படுக்கிறார்கள், சைவம் உண்கிறார்கள், மாலையில் பஜனைக்கு வருகிறார்கள். காவடி இறக்கிய மறுநாளோ, அன்று இரவேயோ மீண்டும் குடிக்கிறார்கள். இதைப் பார்த்துப் பல ஆண்டுகள் நான் மனம் வெதும்பியிருக்கிறேன். "48 நாள் இருக்க முடிந்தவனுக்கு 49ஆம் நாள் இருக்க முடியாதா? பக்தி அவ்வளவுதானா?" என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வி தவறானது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. விரத நாள்களில் அவர் தனியாக விரதமிருப்பதில்லை. வீடே அவரோடு சேர்ந்து விரதமிருக்கிறது. மனைவி பழைய சண்டைகளை எடுப்பதில்லை. கூட்டாளிகள் "விரதத்தில் இருக்கிறான், கூப்பிடாதே" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். காலையில் எழுவது முதல் இரவில் படுப்பது வரை ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வேலை இருக்கிறது. 49ஆம் நாள் இவை அனைத்தும் ஒரேயடியாகக் கலைந்துபோகின்றன. கூட்டாளிகள் திரும்பி வருகிறார்கள், சண்டையும் திரும்பி வருகிறது, மாலை நேரம் வெறுமையாக நிற்கிறது. அந்த நாளுக்காக எவரும் எந்த ஏற்பாடும் செய்து வைத்திருப்பதில்லை. சிகிச்சை நிலையத்திலிருந்து வீடு திரும்புபவரின் நிலையும் இதுவேதான்.

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. நாள் தவறாமல் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும்; சிலருக்கு வலிப்பு வரும். 2ஆம், 3ஆம் நாளில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறுவார்கள். இந்நிலையில் இருப்பவரைப் பேய் பிடித்தது என்று எண்ணி விபூதி போட நம் ஆலயத்திற்கே அழைத்து வந்திருக்கிறார்கள். விபூதி இட்டுக்கொள்ளட்டும், உடனே சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். அங்கே நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மருந்தும், குடியால் உடலில் குறைந்துபோன பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். சாமி முன் கயிறு கட்டிச் சத்தியம் செய்ய வருபவர்களிடமும் இப்போது நாங்கள் முதலில் கேட்பது, "டாக்டரைப் பார்த்தீர்களா?" என்பதே.

இனி, சிகிச்சைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். 1971இல் ஹண்ட், பார்னெட், பிராஞ்ச் எனும் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் மது, ஹெராயின், சிகரெட் ஆகிய மூன்றிலிருந்தும் சிகிச்சை பெற்று விடுபட்டோரின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பொருள் மூன்றானாலும் கதை ஒன்றாகவே இருந்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முதல் 3 மாதத்திற்குள் பழையபடி திரும்பிவிட்டிருந்தனர். 2000ஆம் ஆண்டில் மெக்லெல்லன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், போதை அடிமைத்தனம் நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவற்றைப் போல் நீண்டநாள் கவனிக்க வேண்டிய நோய் என்று ஆதாரங்களுடன் எழுதினார்கள். இனிப்புநீர் நோயாளி ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்து வந்தால், "இனி மருந்தும் வேண்டாம், பத்தியமும் வேண்டாம்" என்று நாம் சொல்வதில்லை. குடிநோயாளியிடம் மட்டும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம். ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. ஜார்ஜ் வேலண்ட் எனும் ஹார்வர்ட் மருத்துவர் குடிகாரர் பலரின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஐந்தாண்டுகள் தொடர்ந்து குடிக்காமல் இருந்துவிட்டவர்கள் மீண்டும் வீழ்வது அரிது என்று கண்டார். ஆக, நாம் பேசுவது முதல் 3 மாதமும் அதன் பின் சில ஆண்டுகளும் பற்றியே.

நம் வட்டாரத்தில் இந்நோய்க்கு நெடிய வரலாறு உண்டு. கலிடோனியா, பைராம் போன்ற தோட்டங்களில் கரும்பு வெட்டவும், பின்னர் பால் மரம் சீவவும் வந்த நம் முன்னோர்க்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. கூலியாகக் கொடுத்த காசில் ஒரு பகுதி அன்று மாலையே அங்கே திரும்பிப் போனது. அதை எதிர்க்காமலும் அவர்கள் இருந்ததில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. போருக்குப் பின் நமக்கு அண்டை மாநிலமான கெடாவில் ஏ.எம்.சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947 பிப்ரவரியில் பீடோங்கில் நடந்த மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். குடிக்காமல் இருப்பதற்காக நம்மவர்கள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள் என்பதை இக்காலப் பிள்ளைகள் அறிய மாட்டார்கள். ஆனால் கடையை மூடுவது ஒரு வேலை, குடியை விட்ட மனிதரைத் தாங்கிப் பிடிப்பது வேறொரு வேலை. முதலாவதற்குப் படை திரட்டியது போல் இரண்டாவதற்கு நாம் திரட்டியதில்லை.

இனி நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவர் ஒருவர். கணக்கில் கெட்டிக்காரர். வளர்ந்து தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மணமுடித்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையாகிக் குடியில் விழுந்தார். அவருடைய தாயார் என்னிடம் வந்து அழுததன் பேரில், நாங்கள் சிலர் சேர்ந்து அவரை ஒரு சிகிச்சை நிலையத்தில் சேர்த்தோம். முகம் தெளிந்து, உடல் தேறித் திரும்பி வந்தார். எங்களுக்கு ஒரே பெருமிதம். அவ்வாண்டு நவராத்திரியின்போது மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். "குடியை வென்ற வீரர்" என்று அறிமுகம் செய்து பேசியவன் நான்தான். அவர் தலை நிமிரவே இல்லை. அடக்கம் என்று நினைத்தேன்.

ஐந்தாவது வாரம், உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் அவர் குடித்துவிட்டார். செய்தி எனக்கு மறுநாள் காலையிலேயே வந்தது. இத்தகைய செய்திகள் நம் ஊரில் பேருந்தைவிட வேகமாக வரும். நேரே அவர் வீட்டுக்குச் சென்று, பிள்ளைகள் எதிரிலேயே, "உன்னை நம்பி மேடையேற்றினோமே" என்று வகுப்பறையில் கத்துவது போல் கத்திவிட்டு வந்தேன். அதன் பின் இரண்டாண்டுக் காலம் அவர் கோயில் பக்கமே வரவில்லை. தெருவில் என்னைக் கண்டால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். குடி முன்னைவிட அதிகமானது.

பின்னொரு நாள், இரண்டாம் முறை சிகிச்சை பெற்று வந்த பிறகு, அவரே என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு நான் குடிச்சது ஒரு கிளாஸ்தான் சார். கையில எடுத்தப்பவே தப்புன்னு தெரிஞ்சுது. ஆனா குடிச்சதும், இனி கோயில்ல எப்படி முகம் காட்டறது, எல்லாம் போச்சுன்னு நெனச்சு மிச்சத்தையும் குடிச்சேன்."

இதைக் கேட்ட பிறகுதான் இப்பொருள் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1985இல் ஜூடித் கார்டன் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட நூலில், என் மாணவர் சொன்னதையே வேறு சொற்களில் விளக்கியிருக்கிறார். ஒரு முறை தவறுவது வேறு, முழுதாக வீழ்வது வேறு. இடையில் இருப்பது, "நான் தோற்றுவிட்டேன், இனி என்ன இருக்கிறது" என்கிற எண்ணம். அந்த எண்ணமே முதல் கிளாஸைப் பத்தாவது கிளாஸ் ஆக்குகிறது. எவ்வளவு உயரத்தில் ஒருவரைத் தூக்கி நிறுத்துகிறோமோ, அவ்வளவுக்கு அந்த எண்ணம் வலுவாக வரும். பொன்னாடை போர்த்தியதன் மூலம் நாங்கள் அதைத்தான் செய்திருக்கிறோம். வீழ்ச்சிக்கு வழிவகுக்கும் சூழ்நிலைகளில் முக்கியமானவை மூன்று என்றும் மார்லட் கண்டறிந்தார்: மனச்சோர்வு, பிறருடன் ஏற்படும் பிணக்கு, "ஒரு வாய்தானே" என்று பிறர் செய்யும் வற்புறுத்தல். பின்னிரண்டும் மனிதர்களுக்கு நடுவில் நடப்பவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குடிப்பதற்கான இச்சை ஏன் திடீரென்று வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் ஓய்வு நேர மணி அடித்ததும் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். காலையில் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைக்கும் வரும். மணியும் பசியும் மூளையில் சேர்ந்து பதிந்துவிடுவதால் வருவது அது. குடித்துப் பழகியவருக்கு மாலை ஐந்து மணி ஒரு மணி, சம்பள நாள் ஒரு மணி, பழைய கடையின் மஞ்சள் விளக்கு ஒரு மணி. இந்த இச்சை அலை போல எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்திற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் எனும் ஊரில் ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் பில் வில்சன் எனும் பங்குத் தரகர் தனியாக நின்றுகொண்டிருந்தார். சிகிச்சை பெற்றுக் குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வந்த வியாபாரம் தோல்வி. அறிமுகமில்லாத ஊர். ஹோட்டலின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பும் பேச்சும் கேட்டன. அவர் அங்கே போகாமல், சுவரில் தொங்கிய தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் எனும் மருத்துவர். இவ்விருவரும் தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் நடக்கும் ஏ.ஏ. எனப்படும் குடிநோயாளர் கூட்டமைப்பு. நம் நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் கேட்பதில்லை. இதில் பலர் அறியாத செய்தி, டாக்டர் பாப்பும் வில்சனைச் சந்தித்த பிறகு ஒரு முறை தவறினார் என்பது. அவரை யாரும் வீட்டுக்குப் போய்த் திட்டவில்லை. கடைசியாக அவர் குடித்த நாளான 1935 ஜூன் 10ஐத்தான் அவ்வமைப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்போருக்குத் தமிழ்நாட்டுச் செய்தி ஒன்று. சென்னையில் டி.டி.கே. தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979இல் மறைந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் மறு ஆண்டே, 1980இல், கணவர் பெயரில் குடிநோய் சிகிச்சைக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். 1987இல் அது தனி மருத்துவமனையாக வளர்ந்தது. 1992இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. நோயாளியோடு அவர் குடும்பத்தாரையும் அழைத்து வைத்துப் பேசிப் பழக்குவது அங்குள்ள முறை. அவர்கள் கிராமங்களிலும் முகாம் நடத்தினார்கள். இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் மஞ்சக்குடி அவற்றுள் ஒன்று. முகாம் 15 நாள். மருத்துவமும் ஆலோசனையும் சென்னைக் குழுவினுடையவை. இடமும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு. முகாம் முடிந்த பின்னும் குழுவினர் மீண்டும் அவ்வூருக்குச் சென்று, விட்டவர்களைப் பார்த்து வந்தார்கள். தன் ஊரிலேயே, தன்னை அறிந்தவர் நடுவிலேயே சிகிச்சை பெற்றவருக்கு "வெளியே வரும் நாள்" என்று தனியாக ஒன்று இல்லாமல் போகிறது. இதைப் படித்தபோது எனக்கு நம் அன்னதான மண்டபம்தான் நினைவுக்கு வந்தது.

போதைப்பொருள் வழக்கிலும் இதே கதைதான். 1983ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டமே, மறுவாழ்வு நிலையத்தில் 2 ஆண்டு இருந்தவரை வெளியே வந்த பின் மேலும் 2 ஆண்டு கண்காணிப்பில் வைக்கச் சொன்னது. அவர்கள் விஷயத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஹெராயினை விட்டுச் சில மாதம் இருந்தவரின் உடல், பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் சில வாரங்களில் பழைய அளவையே எடுத்து உயிரிழந்தோர் பலர்.

வீட்டிலுள்ளோர்க்குச் சில வார்த்தைகள். குடியை மறக்கடிக்கும் பொடி என்று விற்கிறார்களே, அதை வாங்கிக் காப்பியில் தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். டைசல்ஃபிராம் எனும் மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். சிலருக்கு இதயமே நின்றுவிடலாம். அது நோயாளி அறிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டிய மருந்து. இச்சையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளும் உள்ளன; அதற்கும் டாக்டரையே கேட்க வேண்டும். அடுத்து, ஏ.ஏ. அன்பர்கள் சொல்லும் நான்கு: பசி, கோபம், தனிமை, களைப்பு. வேலை முடிந்து வருபவருக்கு இந்த நான்கும் ஒரே நேரத்தில் இருக்கும். வந்ததும் வராததுமாகக் கடன் கணக்கைப் பேசுவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். கணக்கு எங்கும் ஓடிவிடாது. சந்தேகப்பட்டு வாயை முகர்ந்து பார்ப்பதையும் தவிர்க்கலாம். இதைச் சொல்லும்போது, ஆண்டுக்கணக்கில் அடி வாங்கிய மனைவிமார் என்னைக் கோபித்துக்கொள்வார்கள் என்பதை அறிவேன். அவர்கள் உடனே நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. அவர்களைப் போன்ற குடும்பத்தினருக்கென்றே 1951 முதல் அல்-அனான் எனும் தனி அமைப்பு இயங்கி வருகிறது.

நம் ஆலயங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முனீஸ்வரருக்கும் மதுரை வீரனுக்கும் சுருட்டும் மதுவும் படைப்பது நம் தோட்டப்புற வழிபாட்டில் இருந்து வருவது. அதன் சரி, தவறு பற்றி இங்கே விவாதிக்கவில்லை. நிர்வாகக் கூட்டத்தில் விவாதித்து இரண்டு முறை தோற்றிருக்கிறேன். ஆனால் படையல் முடிந்ததும் போத்தல் கைமாறும்போது, "சாமி பிரசாதம், ஒரு மடக்குதானே" என்று நீட்டுகிறோமே, அந்த வரிசையில் குடியை விட்டு நாற்பதே நாளான ஒருவர் நிற்கலாம். சாமியின் பெயரால் நீட்டப்படுவதை மறுக்கும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்? படைத்ததைப் பீடத்தடியிலேயே ஊற்றிவிடுவது என்று சென்ற ஆண்டு முதல் நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். சிலருக்கு மனவருத்தம்தான்.

என் மாணவர் இரண்டாம் முறை திரும்பி வந்தபோது மேடை இல்லை, மாலை இல்லை. வேலை ஐந்து மணிக்கு முடிகிறது என்றார். "ஐந்தே காலுக்கு அன்னதானக் கட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக் கொடு" என்றேன். வந்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்று தொடங்கி, முதல் மூன்று மாதம் ஏறக்குறைய தினமும் வந்தார். அன்னதானம் இல்லாத நாள்களில் பாத்திரம் எண்ணி அடுக்கினார். உண்மையில் அத்தனை பாத்திரம் எண்ண வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இடையில் ஒரு முறை தவறினார். மறுநாள் ஐந்தே காலுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "வெங்காயம் காத்திருக்கு, உள்ளே வா" என்று சமையல்கார அம்மாதான் கூப்பிட்டார். எனக்கு அந்த நிதானம் அப்போதும் வரவில்லை. அதன் பின் இன்றுவரை ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அந்நாளில் ஓர் உபயக்காரர் என்னிடம், "என் பணத்தில் நடக்கும் அன்னதானத்தில் குடிகாரன் கை படலாமா?" என்று நேரிடையாகவே கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, ஆசாரம் பற்றிய கவலையில் கேட்டார். அவரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைத்து வந்து சமையற்கட்டில் உட்கார வைத்தேன். அருகில் அமர்ந்து வெங்காயம் உரிப்பவர் யார் என்று சொல்லவில்லை. இருவரும் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு உபயம் வழக்கம்போல் வந்தது. அவர் பின்னர் விஷயத்தைத் தெரிந்துகொண்டாரா என்று நான் கேட்டதில்லை.

இப்போது மண்டபத்தின் பின்புற அறை, வெள்ளிதோறும் மாலை பூசை முடிந்ததும் திறந்திருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை வைக்கவில்லை. வருகைப் பதிவேடும் இல்லை. சென்ற வாரம் ஒன்பது பேர் வந்திருந்தனர். அவர்களில் இருவர் மனைவிமார். நாற்காலிகள் பழையவை, மின்விசிறி ஒன்று சத்தம் போடுகிறது. தேநீரும் அவித்த கடலையும் உண்டு. அறையின் சாவி என் மாணவரிடம் இருக்கிறது. ஐந்தே காலுக்கே வந்து திறந்துவிடுவார்.